சோல்டரிங் அயன் முனை நீடித்து உழைக்க: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைப் பட்டினத்தில் சின்னதாக ஒரு திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். மின்விசிறி, ரேடியோ, சார்ஜர், படகுக்காரரின் வயர்லெஸ் செட், எது வந்தாலும் பார்ப்போம். பின்னேரங்களில் பள்ளிக்கூடம் முடிந்து நாலைந்து பிள்ளைகள் வேலை பழக வருவார்கள். போன மாதம் அவர்களில் ஒருவன் ஒரு கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று முனைகளை மேசையில் வைத்தான். மூன்றும் அடுப்புக்கரி நிறம். "ஐயா, ஒரு மாசத்துக்குள்ள மூண்டு பிட் போயிட்டுது. கள்ளச் சாமான் தந்திட்டாங்களோ?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், மற்றவர்கள் கேட்டபோதெல்லாம் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முனை என்று நான் எழுதுவது நாம் பிட் என்று சொல்லும் அதே சாமான்தான். ஈயம் என்றால் சோல்டர்.

முனை ஏன் கறுக்கிறது? ஈயம் ஏன் அதில் ஒட்டாமல் உருண்டு விழுகிறது?

முதலில் முனைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நடுவில் செம்பு. சூட்டை வேகமாகக் கடத்துவதற்காக அது. ஆனால் உருகிய ஈயத்தில் செம்பு கரைந்துகொண்டே போகும். அதைத் தடுக்கச் செம்பின்மேல் இரும்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். இரும்பும் கரையத்தான் செய்யும், ஆனால் மிக மெதுவாக. முனையின் பின்பகுதியில் குரோமியப் பூச்சு இருக்கும். அங்கே ஈயம் ஒட்டாது, ஒட்டவும் கூடாது. நுனியில் மட்டும் தொழிற்சாலையிலேயே ஈயம் பூசி அனுப்புகிறார்கள்.

ஆக, வேலை செய்வது அந்த மெல்லிய இரும்புத் தோல். 350 பாகைச் சூட்டில் அந்த இரும்பு வெறுமனே காற்றில் நின்றால் சில நிமிடங்களிலேயே ஒட்சைட்டு படரத் தொடங்கும். அதன்மேல் எரிந்த ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) கரியாகப் படியும். அந்தக் கறுப்பில் ஈயம் தாமரை இலைத் தண்ணீர்தான், பிடிக்காது. சூடும் அதைத் தாண்டி ஒழுங்காக வராது. "சூடு காணாது போல" என்று நினைத்து நாம் சூட்டைக் கூட்டுவோம். கூட்டினால் இன்னும் வேகமாகக் கறுக்கும். அந்தப் பிள்ளையின் மூன்று முனைகளும் இப்படித்தான் போயின. சாமான் கள்ளச் சாமான் இல்லை. வேலை செய்து தேய்ந்த முனைகளை நான் அதிகம் கண்டதில்லை. தாங்கியில் சும்மா சுட்டுக்கொண்டிருந்து கெட்டவையே அதிகம்.

வேலை முடிந்ததும் முனையைத் துடைத்துப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்றுதானே பழக்கினார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கூட நேரம் எடுப்பேன். துடைக்க வேண்டிய நேரம் வேலை தொடங்கும் முன். முடிந்த பிறகு அல்ல.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்த வயதுக்காரருக்கு இது உடனே விளங்கும். என் அம்மம்மா வீட்டில் பெரிய பித்தளைப் பானை ஒன்று இருந்தது. ஈயம் பூசுகிறவர் அதை நெருப்பில் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தை வைத்துத் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். உள்பக்கம் முழுக்க வெள்ளியாக மாறும். அந்தப் பூச்சு இருக்கிறவரைக்கும் புளிக்கறி வைத்தாலும் களிம்பு ஏறாது. பூச்சுப் போனால் பாத்திரத்தை அடுப்பில் வைக்க அம்மம்மா விடமாட்டார். முனையும் அப்படித்தான். இரும்புக்கும் காற்றுக்கும் நடுவில் ஈயம் இருக்க வேண்டும், எப்போதும்.

செய்கிற முறை இது. தாங்கியில் இருந்து அயனை எடுங்கள். நுனியில் இருக்கும் பழைய ஈயத்தை, முனை துடைக்கும் பித்தளைக் கம்பிச் சுருளில் இரண்டு குத்துக் குத்தி எடுங்கள். உடனே இணைப்பில் வையுங்கள், ஈயத்தைக் கொடுங்கள். அந்த வரிசையில் உள்ள இணைப்புகள் முடிந்ததும் துடைக்காமலே புது ஈயம் கொஞ்சம் நுனியில் ஊட்டித் தாங்கியில் வையுங்கள். நுனியைச் சுற்றிவர ஈரமான மினுக்கம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தையும் ஈயத்தில் உருட்டி எடுங்கள். அயனை நிறுத்தும்போது இன்னும் கொஞ்சம் தாராளமாக, ஒரு மிளகு அளவுக்கு ஈயம் வைத்து, அது நுனியிலேயே உறையும்படி விட்டுவிடுங்கள். அடுத்த நாள் சூடாக்கியதும் அந்த ஈயம் உருகும். துடையுங்கள், கீழே இருக்கும் முனை புதுசு போல இருக்கும்.

"ஈயம் வீணாகுதே" என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு மிளகளவு ஈயம்தான். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாயை எட்டியபோது முனை ஒன்று வாங்க எத்தனை பேர் யோசித்தோம் என்பது எனக்கு மறக்கவில்லை. ஈயம் மலிவு, முனை மலிவில்லை.

புது முனையை முதல் தடவை எப்படிச் சூடாக்குவது?

புது முனை மாட்டியதும் சூட்டை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். 250 பாகை அளவில் வைத்து, பக்கத்திலேயே இருந்து, ஈயம் உருகத் தொடங்கிய அந்த நேரமே ரோசின் உள்ள ஈயத்தை நுனியைச் சுற்றிப் பூசுங்கள். பிறகு வேலைச் சூட்டுக்கு ஏற்றுங்கள். சூடு சரிசெய்ய முடியாத சாதாரண அயன் என்றால், ஈயக் கம்பியை நுனியில் தொட்டபடியே வைத்திருங்கள். உருகுகிற சூடு வந்ததும் தானாகப் படரும்.

எத்தனை பாகையில் வேலை செய்ய வேண்டும்?

60/40 அல்லது 63/37 ஈயத்துக்கு 320 முதல் 350 வரை போதும். 63/37 என்றால் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். அது 183 பாகையிலேயே உருகிவிடும். காரீயம் இல்லாத வகையில், 96.5 வீதம் வெள்ளீயமும் 3 வீதம் வெள்ளியும் 0.5 வீதம் செம்பும் கலந்தது 217 பாகைக்கு மேல்தான் உருகும். அதற்கு 350 முதல் 380 வரை வைக்கலாம்.

400க்கு மேலே போனால் ரோசின் தன் வேலையைச் செய்யும் முன்பே கருகிவிடும். இரும்பும் வேகமாக ஒட்சைட்டு ஆகும், ஈயத்திலும் வேகமாகக் கரையும். என் மேசையில் 400ஐத் தாண்டுவது எனாமல் வயரின் பூச்சை ஈயத்தால் எரிக்கும்போது மட்டும்தான். அதற்கு என்றே ஒரு பழைய முனை இருக்கிறது.

காரீயம் இல்லாத ஈயம் முனையை அதிகமாகத் தின்னுமா என்றும் கேட்பார்கள். தின்னும். இரும்பைக் கரைப்பது வெள்ளீயம். அந்த வகையில் வெள்ளீயம் மிக அதிகம், சூடும் அதிகம். அதனால் இரண்டு வகையும் பாவிக்கிறவர்கள் வகைக்கொரு முனை வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காலத்தில் மட்டும் அயன் சூடு காணாமல் போகிறது. கூட்டலாமா?

நம்மூர்க்காரர் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி. வைகாசியில் இருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கடையின் யன்னல், கதவு, மேசை மின்விசிறி மூன்றும் வேலை செய்யும். அந்தக் காற்று முனையிலும் இணைப்பிலும் நேராக அடித்தால் இரண்டும் ஆறும். சூட்டைக் கூட்ட வேண்டாம். மின்விசிறியை மேசைக்குக் குறுக்கே திருப்புங்கள், அல்லது காற்று வரும் பக்கம் ஒரு கடதாசி மட்டையை நிறுத்துங்கள். ரோசின் புகை முகத்துக்கு வராமல் இழுத்துக்கொண்டு போக மெதுவான காற்று வேண்டும்தான். அது பக்கவாட்டில் போகட்டும். இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் அந்தப் புகையில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

சூடு காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் முனையின் வடிவம். ஊசி மாதிரிக் கூரான முனைதான் நுணுக்க வேலைக்கு நல்லது என்று வாங்குவார்கள். ஆனால் அது தொடும் இடம் ஒரு புள்ளி, சூடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். உளி போல் தட்டையான 2 மில்லிமீற்றர் முனை அதே வேலையை 30, 40 பாகை குறைவான சூட்டில் முடித்துவிடும். பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது உளி முனைதான்.

ஈர ஸ்பொஞ்ச் நல்லதா, பித்தளைச் சுருள் நல்லதா?

பித்தளைச் சுருள். ஈரத்தில் தொட்டதும் முனை சட்டென்று ஆறி மறுபடி சூடாகும். ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிச் சுருங்கி விரிந்தால் இரும்புப் பூச்சில் வெடிப்பு விழ வாய்ப்புண்டு. பித்தளை இரும்பை விட மென்மை, அதனால் கீறாது, சூட்டையும் அவ்வளவாக இழுக்காது. குத்தி எடுத்தால் கொஞ்சம் ஈயம் முனையிலேயே மிஞ்சும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஸ்பொஞ்ச்தான் இருக்கிறது என்றால் அதையே பாவியுங்கள். நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். விரலால் அழுத்தினால் தண்ணீர் வெளியே வரக்கூடாது. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் நனைத்த ஸ்பொஞ்ச் காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காண்பீர்கள். அந்த உப்பு முழுக்க முனைக்குத்தான் போகிறது. மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரும் சரி. பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் போத்தலும் வாங்கலாம். ஆனால் பற்றரி அசிட் போத்தலைத் தவறி எடுத்துவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். சமையலறை ஸ்பொஞ்சை வெட்டிப் பாவிக்க வேண்டாம். அது பிளாஸ்டிக், உருகி முனையில் ஒட்டும்.

பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைப் பித்தளைச் சுருளுக்குப் பதிலாக வைக்கலாமா?

மஞ்சளாகத் தெரிவதெல்லாம் பித்தளை இல்லை. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றை மேசையில் வைத்திருங்கள். சுருளைக் காந்தம் இழுத்தால் அது உருக்கின்மேல் நிறம் ஏற்றியது. முனையின் பூச்சைக் கீறும், வேண்டாம். இழுக்காத மஞ்சள் சுருள் என்றால் சரி. சுருளுக்குள் விழும் ஈயத் தூசியில் காரீயம் இருக்கும், ஆகவே சுருள் வைத்திருக்கும் கிண்ணத்தைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டு போகக்கூடாது, சாப்பிடும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

எந்த பேஸ்ட் பாவிக்கலாம்?

ரோசின். இதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். கடை தொடங்கிய புதிதில், சோல்டரிங் பேஸ்ட் என்று மூடியில் எழுதியிருந்த ஒரு டின்னை வாங்கினேன். ஈயம் அற்புதமாகப் பிடித்தது. துருப்பிடித்த தகரத்தில்கூடப் பிடித்தது. எனக்குச் சரியான சந்தோசம். இரண்டு கிழமை கழித்து, திருத்திக் கொடுத்த சார்ஜர் ஒன்று திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் நான் வைத்த இணைப்பைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. முனையைப் பார்த்தேன். கறையான் அரித்த மரம் மாதிரி நுனி குழிகுழியாக இருந்தது. அந்த பேஸ்ட் குழாய் வேலைக்கும் தகர வேலைக்கும் உரியது. அதில் இருப்பது சிங்க் (நாகம்) குளோரைட்டு, அசிட் மாதிரி அரிக்கும். இலத்திரனியல் வேலைக்கு அதைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது.

வாங்கும்போது மூடியில் உள்ளதை வாசியுங்கள். சிங்க் குளோரைட்டு என்றோ அசிட் என்றோ இருந்தால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, முனையை பேஸ்ட் டின்னுக்குள் நேராகக் குத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நல்ல ரோசினாக இருந்தாலும் அப்படிக் குத்தினால் கருகிக் கரிதான் சேரும். பேஸ்ட்டை இணைப்பில் தடவுங்கள், முனையில் அல்ல.

கடலுக்குப் போகும் படகின் வயர்களுக்கு ஈயம் வைத்தால் முனை ஒரே நாளில் நாசமாகிறது. ஏன்?

திருக்கடலூர், மூதூர், குச்சவெளி என்று எல்லாப் பக்கமும் இருந்து படகுச் சாமான்கள் எங்களிடம் வரும். ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, வயர்லெஸ், லைட். பழுது என்று வருவதில் பெரும்பாலானவை கருவிப் பழுது இல்லை, வயர்ப் பழுது.

ஒரு வயரின் உறையை விரல் நீளத்துக்கு உரித்துப் பாருங்கள். செப்பு இழைகள் நுனியில் பச்சை, கொஞ்சம் உள்ளே போனால் கறுப்பு. இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரிக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். அந்தக் கறுப்புச் செம்பில் ஈயம் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றதும் நாம் என்ன செய்வோம்? முனையை அழுத்துவோம், தேய்ப்போம், சூட்டைக் கூட்டுவோம். கடைசியில் அந்த அசிட் பேஸ்ட்டைத் தேடுவோம். உப்பும் பச்சையும் முனையில் ஏறி, அழுத்தித் தேய்த்ததில் பூச்சும் தேய்ந்து, பின்னேரத்துக்குள் முனை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது வேறு. வெட்டுங்கள். பளபளப்பான செம்பு தெரிகிறவரை வயரைப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் காணாவிட்டால் வயரையே மாற்றுங்கள். படகுக்கு வாங்கும்போது ஒவ்வொரு இழையிலும் ஈயம் பூசிய, வெள்ளி நிறமான வயரைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் உப்புக்காற்றுக்கு நின்று பிடிக்கும். கருவிக்குள் கடல் தண்ணீர் போயிருந்தால், பற்றரியைக் கழற்றி, போர்டை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுதாகக் காயவிட்டு, அதன் பிறகுதான் அயனை எடுக்க வேண்டும். உப்புப் படிந்த போர்டில் நேராக ஈயம் வைத்தால் இணைப்பும் நிலைக்காது, முனையும் மிஞ்சாது.

தடித்த பற்றரி வயருக்கு 25 வொற் அயனை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. செம்பு அவ்வளவு சூட்டையும் குடித்துவிடும். 80, 100 வொற் அயனும் அகன்ற முனையும் வேண்டும். அதுகூட நிற்கும் இணைப்புகளுக்குத்தான். இஞ்சின் அதிர்வில் ஆடும் இடத்தில் ஈயம் வைத்த வயர் ஈயம் முடியும் இடத்தில் உடையும். அங்கே வயர் நுனியில் நெரித்துப் பிடிக்கும் லக் என்ற உலோகத் துண்டுதான் சரி.

ஏற்கெனவே கறுத்துப்போன முனையை மீட்கலாமா?

பெரும்பாலும் மீட்கலாம். பொறுமைதான் வேண்டும். சூட்டை 280, 300 பாகைக்குக் குறையுங்கள். ரோசின் உள்ள ஈயத்தைத் தாராளமாக ஊட்டி, பித்தளைச் சுருளில் குத்துங்கள். மறுபடி ஊட்டுங்கள், குத்துங்கள். முதல் ஐந்து தடவை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு கறுப்புக்கு நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம் தெரியும். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஈயம் பக்கத்துக்குப் பக்கம் ஊர்ந்து, பத்துப் பதினைந்து தடவைக்குள் நுனி முழுக்கத் திரும்பும். அந்தப் பிள்ளையின் முதல் முனையை இப்படித்தான் அவன் கையாலேயே மீட்க வைத்தேன். அந்த மினுக்கத்தைக் கண்டபோது அவன் கதிரையை விட்டே எழும்பிவிட்டான்.

இதற்கு மசியாவிட்டால், முனைக்கு ஈயம் ஏற்றுவதற்கென்றே சின்ன டப்பாவில் வரும் மருந்து உண்டு. ஈயத்தூளும் மெல்லிய அசிட் தன்மையுள்ள ஒரு உப்பும் கலந்தது. சூடான முனையை அதில் ஒரு தடவை உருட்டி, துடைத்து, உடனே நல்ல ஈயம் பூச வேண்டும். அதை மாதத்தில் ஒரு தடவை பாவித்தால் மருந்து. தினமும் பாவித்தால் அதுவே அரிக்கும்.

நவச்சாரக் கட்டியும் வேலை செய்யும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், அம்மம்மாவின் பானைக்குப் போட்ட அதே நவச்சாரம். சூடான முனையை அதில் தேய்த்தால் வெள்ளைப் புகை கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும், ஆகவே வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். தேய்த்ததும் ஈர ஸ்பொஞ்சில் நன்றாகத் துடைத்து உடனே ஈயம் பூசுங்கள். நவச்சாரத்தில் உள்ள குளோரைட்டு மிச்சம் இருந்தால் அரித்துக்கொண்டே இருக்கும். நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

அரத்தால் ராவினால் பளிச்சென்று வருகிறதே?

வரும், ஏனென்றால் நீங்கள் பார்ப்பது உள்ளே இருக்கும் செம்பு. இரும்புப் பூச்சைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் அந்த முனையின் கதை முடிந்தது. உருகிய ஈயம் அந்த வாசல் வழியாகப் போய்ச் செம்பைக் கரைத்து, கொஞ்ச நாளில் உள்ளே பொந்தாக்கிவிடும். சாண்ட் பேப்பரும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் காலத்து அயன்களில் வரும் தடித்த, வெறும் செம்பு முனைகளை ராவத்தான் வேண்டும். ஆறிய பிறகு ராவி, வடிவம் எடுத்து, சூடாகி வரும்போதே ஈயம் பூச வேண்டும். பெரியவர்கள் ராவச் சொல்லித் தந்தது பிழையில்லை. அவர்கள் வைத்திருந்த முனை வேறு. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் அந்த ஸ்பீக்கர் காந்தத்தை, முனை ஆறியிருக்கும்போது, நுனியில் பிடியுங்கள். பலமாக ஒட்டினால் இரும்புப் பூச்சு, ராவ வேண்டாம். ஒட்டவே இல்லை என்றால் செம்பு.

முனை கழற்ற முடியாமல் இறுகிவிட்டது. குறட்டால் திருகலாமா?

சூடாக இருக்கும்போது வேண்டாம். 936 வகை ஸ்டேஷன்களில் (சூடு சரிசெய்யும் பெட்டியோடு வரும் அயன்கள்) முனைக்கு உள்ளே இருப்பது பீங்கான் ஹீற்றர். ஒரு நெளிப்பில் வெடித்துவிடும். மேசை விளிம்பில் அயனைத் தட்டி ஈயம் உதறும் பழக்கத்தாலும் அதேதான் நடக்கும். ஆறவிட்டு, கையால் மெதுவாகத் திருகுங்கள். கிழமைக்கு ஒரு தடவை ஆறிய நிலையில் கழற்றி, உள்ளே சேர்ந்த தூளைத் தட்டிவிட்டுப் பூட்டினால் இறுகவே இறுகாது.

உடைந்த பிளாஸ்டிக் வாளி, கதிரை ஒட்டுவதற்கு அயனைப் பாவிக்கலாமா?

நல்ல முனையில் வேண்டாம். எல்லோரிடமும் கெட்டுப்போன ஒரு முனை இருக்கும், அதை இதற்கென்று ஒதுக்குங்கள். மோட்டார் வைண்டிங்கில் வரும் எனாமல் வயருக்கும் அதே. முனையால் நெம்புவது, திருகாணி கழற்றுவது எந்த முனைக்கும் ஆகாது.

கரண்ட் போய்வருவதால் முனைக்கு ஏதும் பாதிப்பு உண்டா?

கரண்ட் போவதால் இல்லை. திரும்பி வருவதால் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வேலையின் நடுவில் கரண்ட் போகும், அயன் ஆறிவிடும், நாம் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவோம். சாமத்தில் கரண்ட் வந்ததும் பூட்டிய கடைக்குள் அயன் தனியே சுடத் தொடங்கும். எங்கள் கடையில் ஒரு முனை அப்படித்தான் விடியும்வரை சுட்டு, காலையில் வந்து பார்த்தபோது நீலமும் கறுப்புமாகத் தோல் உரிந்து கிடந்தது. பக்கத்தில் கடதாசி இருந்திருந்தால் முனையோடு போயிருக்காது. அன்றிலிருந்து கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது.

சாதாரண நாட்களிலும் பத்து நிமிடத்துக்கு மேல் எழும்பிப் போவதென்றால் ஈயம் பூசி அணைத்துவிடுங்கள். சூடு குறைக்கக்கூடிய அயன் என்றால் 200 பாகைக்கு இறக்கி வைக்கலாம்.

மாரி காலத்தில் பெட்டிக்குள் வைத்த முனைகள்கூடத் துருப்பிடிக்கின்றனவே?

வெறும் இரும்பு வேறு என்ன செய்யும்? ஐப்பசியில் இருந்து தை வரை ஈரமும் உப்பும் சேர்ந்த காற்று. ஈயம் பூசாமல் வைத்த நுனியில் செம்மண் நிறத்தில் துரு வரும். நுனியில் ஈயம் உறைந்த நிலையில், மூடி இறுக்கமான ஒரு போத்தலில், மருந்துப் போத்தல்களுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு போட்டு வையுங்கள்.

முனையை எப்போது எறிய வேண்டும்?

நுனியில் குழி விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். சுத்தப்படுத்தி ஈயம் பூசிய பிறகும் ஒரு இடத்தில் ஈயம் உள்ளே இறங்கிக் குழியாகவே நின்றால், அல்லது உளி முனையின் ஒரு ஓரம் கரைந்து சாய்ந்திருந்தால், பூச்சு போய்விட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. கறுப்பு மட்டும் என்றால் எறிய வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் மூன்று முனைகளில் முதலாவது அரை மணித்தியாலத்தில் திரும்பியது. இரண்டாவதுக்கு அந்த டப்பா மருந்து தேவைப்பட்டது. மூன்றாவதில் செம்பு தெரியும் குழி, அவன் ஏற்கெனவே அதில் சாண்ட் பேப்பர் போட்டிருந்தான். அதற்கு ஒரு நூல் கட்டி, பிளாஸ்டிக் வேலைக்கு என்று ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். மற்ற இரண்டும் இப்போதும் அவன் கையில்தான், நுனியில் மிளகளவு ஈயத்தோடு.